கேட்காமல் ஏற்றியது

என் அக்கா மகளுக்குச் சடங்கு வைத்தபோது நான் எடுத்த வீடியோவை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இணையத்தில் ஏற்றினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஏற்றினேன். அவள் பெயரையும் ஊரையும் தலைப்பில் எழுதினேன். எடுத்துவிடுங்கள் என்று அவள் கேட்ட பிறகும் உடனே எடுக்கவில்லை. நான் செய்த தப்பு இதுதான். எப்படிச் செய்தேன், அப்போது என் மனதில் என்ன ஓடியது என்பதை இனி சொல்கிறேன். அதைச் சொல்வதால் செய்தது சிறிதாகிவிடாது.

எழுதுவதற்கு முன் அவளிடம் கேட்டேன். அவளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், என்ன படித்தாள், எங்கே வேலை பார்க்கிறாள் என்பதும் வேண்டாம் என்றாள். எழுதி முடித்து அனுப்பினேன். ஒரு பத்தியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். மற்றது இருக்கட்டும் என்றாள்.

2006-இல் நடந்த சடங்கு. அவளுக்குப் பன்னிரண்டு வயது. சிங்கப்பூரில் இருந்த என் அண்ணன் அதற்கு முந்தைய விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ஒரு மினி டிவி (MiniDV) ஹேண்டிகேம் வாங்கி வந்திருந்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் கேமரா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட், ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம். அதுவரை எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வீடியோக்காரர்தான் வருவார். தலைக்கு மேல் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் கூடவே நடப்பான். இந்த முறை அக்கா, "நீயே எடுத்துடுடா, வெளியாள் எதுக்கு" என்றாள். வெளியாள் வேண்டாம் என்பதற்காகத்தான் கேமரா என் கைக்கு வந்தது. இதை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பெரிய மாமனான அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் சீரை நான்தான் தூக்க வேண்டியிருந்தது. தாம்பாளங்களில் பட்டு, பழம், பூ, மஞ்சள் எல்லாவற்றையும் அடுக்கித் தெருமுனையிலிருந்து மேளத்தோடு போனோம். மாலை போடும் நேரத்துக்குக் கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஓட விட்டேன். மற்ற நேரம் முழுவதும் அது என் கையில்தான் இருந்தது. மணையில் உட்கார்ந்திருந்தவளை எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதையும் எடுத்தேன். ஆரத்தி சுற்றும்போது ஜூம் போட்டுக் கிட்டே போனேன். அவள் கையை நீட்டி லென்ஸை மறைத்து, "போதும் மாமா, எடுக்காதீங்க" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். பொண்ணுக்கு வெட்கம் வந்துருச்சு என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் எடுத்தேன்.

கேசட்டுகள் பீரோவில் இருந்தன. இரண்டு வருடம் கழித்து அண்ணன் போனில், "அதை எப்பதான்டா காட்டப்போற?" என்று கேட்டான். அங்கிருந்துதான் தொடங்கியது.

இன்று போனில் எடுத்துப் போனிலேயே அனுப்புகிறவர்களுக்கு அந்தக் காலத்து வேலை புரியாது. கேசட்டில் இருப்பது டிஜிட்டல் பதிவுதான் என்றாலும், ஃபைலை இழுத்துப் போடுவதுபோல எடுக்க முடியாது. ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடினால்தான் கணினிக்குள் வரும். யூஎஸ்பி போதாது, ஃபயர்வயர் வேண்டும். என் கணினியில் அந்த இணைப்பு இல்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கார்டு வாங்கினேன். கேமராப் பக்கம் நான்கு முனை, கணினிப் பக்கம் ஆறு முனை உள்ள கேபிள் கிடைக்க இன்னும் அலைந்தேன். ஒரு மணி நேரப் பதிவு ஹார்டு டிஸ்கில் ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும். என்னிடம் இருந்தது 80 ஜிபி டிஸ்க். பாட்டு, படம் எல்லாவற்றையும் அழித்து இடம் ஒதுக்கினேன்.

கேசட் ஓடும்போது வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது. கணினி திணறினால் காட்சிகள் விட்டுப்போகும். பக்கத்திலேயே காவல் இருப்பேன். பீரோ ஈரத்தில் கிடந்த கேசட் ஒன்றில் படம் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறியது. ஹெட்டைச் சுத்தம் செய்யும் கேசட்டைப் போட்டு ஓட்டி, மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன். கணினியில் பார்த்தால் அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் முகத்தின் ஓரத்தில் சீப்புப் பல்போலக் கோடுகள் விழுந்தன. டிவிக்காக ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று மாறி மாறிப் பதிவான படம் அது. கணினித் திரைக்கு அந்த வரிகளைச் சேர்த்துச் சீராக்க வேண்டும் என்பதைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். எந்த கோடெக்கில் சுருக்கலாம், எத்தனை பிட்ரேட் வைக்கலாம் என்று முன்பின் தெரியாத ஆட்களிடமெல்லாம் கேட்டேன். கேபிள் விற்றவரிடம் கேட்டேன், அலுவலகத்தில் கணினி பழுது பார்க்க வந்த பையனிடம் கேட்டேன். அந்தப் படத்தில் இருந்தவளிடம் மட்டும் கேட்கவில்லை.

யூடியூபில் அப்போது ஒரு வீடியோவுக்குப் பத்து நிமிடம்தான் அனுமதி. மூன்று பாகமாகப் பிரிப்பது என்று முடிவு செய்து விண்டோஸ் மூவி மேக்கரில் உட்கார்ந்தேன். கீழே நீளமாகக் காட்சிகளின் வரிசை. வேண்டாத இடத்தில் வெட்டி, தேர்ந்தெடுத்து, டெலீட் பொத்தானை அழுத்தினால் போய்விடும். அவள் கை லென்ஸை மறைத்த இடம் வந்தது. திரை இருண்டு, பிறகு விரல் இடுக்கில் வெளிச்சம் தெரிந்து, குரல் கேட்கிறது. அதை வெட்டி எடுத்தேன். அவள் வேண்டாம் என்று சொன்ன இடம் அது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. காட்சி கெட்டுப்போன இடம் என்றுதான் தோன்றியது. இருபது வருடம் ஆகப்போகிறது, ஏற்றிய மூன்று பாகங்களில் பல இடங்கள் எனக்கு மறந்துவிட்டன. வெட்டிய அந்த இடம் மறக்கவில்லை.

அடுத்தது ஏற்றுவது. வீட்டில் பிஎஸ்என்எல் இணைப்பு, 256 கேபிபிஎஸ். இரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரை பயன்படுத்துவது கணக்கில் வராது. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். அந்த வேகம் குறையாமல் முழுதாகக் கிடைத்தாலும் நூறு எம்பி ஏறுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கிடைக்காது. பாதியில் லைன் போனால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றி முடித்தால் கடைசியில் தெரிவது 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட மங்கலான சின்னக் கட்டம். ஆளை அடையாளம் கண்டுகொள்ள அது போதும்.

அண்ணனுக்காகத்தான் ஏற்றினேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. அண்ணனுக்கு மட்டும் காட்ட வேண்டுமென்றால் 'தனிப்பட்டது' என்று குறித்திருக்கலாம். அந்த வசதி அன்றும் இருந்தது, ஒரு சொடுக்கு வேலை. டிவிடியில் எழுதித் தபாலில் அனுப்பியிருக்கலாம். நான் 'பொது' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தலைப்பில் ஆங்கில எழுத்தில் அவள் பெயர், ஊர், சடங்கு என்ற சொல். தேடுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று கீழே இன்னும் பல சொற்கள். அண்ணன் எதையும் தேட வேண்டியதில்லை, அவனுக்கு லிங்க்கைத்தான் அனுப்பினேன். அவன் ஒருமுறை பார்த்தான், அழுதான், அதோடு சரி. அதற்குப் பிறகு ஏறிய ஒவ்வொரு பார்வையும் வெளியாள்.

அந்த எண் ஏறுவதை நான் விரும்பினேன். காலையில் பல் துலக்குவதற்கு முன் அதைப் பார்த்தேன். எங்கள் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தையும் ஏற்றியிருந்தேன், அதைப் பார்க்க ஆளில்லை. இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பேர் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பேன். கீழே கருத்துகள் வந்தன. வாழ்த்து என்று சில, வேறு மாதிரி சில. அவை என்ன என்று இங்கே எழுத மாட்டேன். ஒன்றிரண்டை நீக்கினேன். கருத்தை நீக்கத் தெரிந்தவனுக்கு வீடியோவை நீக்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படத்துக்குக் கீழே முகம் தெரியாத ஆண்கள் எழுதியதை அவளுடைய தாய்மாமனான நான் படித்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, வேலைக்குப் போனேன்.

யூடியூபில் முதன்முதலாக ஏறிய வீடியோ 2005 ஏப்ரல் 23-இல் போட்டது. யூடியூபை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன் நின்று பேசுகிறார், பத்தொன்பது விநாடி. அவர் உலகத்துக்குக் காட்டியது தன் முகத்தை. எடுத்தது நண்பர், ஏற்றியது படத்தில் இருந்த அவரே. என் வீட்டில் எடுத்தவன் நான், ஏற்றியவன் நான், படத்தில் இருந்தது வேறொருத்தி. இவ்வளவு சின்ன வித்தியாசம் எனக்குப் புரியாமல் போனதற்கு ஒரே காரணம்தான் தோன்றுகிறது. கார்டு தேடியது, கேசட்டுக்குக் காவல் இருந்தது, இரண்டு மணிக்கு எழுந்தது என்று அவ்வளவு பாடுபட்டேன். கிணறு வெட்டியவன் ஊற்றும் தன்னுடையது என்று நினைப்பதுபோல, பட்ட பாட்டுக்கு அந்தப் படம் எனக்குச் சொந்தம் என்று நினைத்துவிட்டேன்.

அக்காவிடம் காட்டினேன். ஏற்றிய பிறகுதான் காட்டினேன். அவள் சந்தோஷப்பட்டாள், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். மகள் அப்போது டியூஷனுக்குப் போயிருந்தாள்.

அவள் கல்லூரியில் சேர்ந்தது 2012-இல். விடுதியில் யாரோ சும்மா அவள் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தட்டியிருக்கிறார்கள். முதலில் வந்ததே அதுதான். ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்குப் போயிற்று. பையன்களுக்கும் போயிற்று. அவள் அந்த ஆண்டு முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. யார் போட்டது என்று அவளுக்குத் தெரியும், என் கணக்கின் பெயர் அங்கேயே இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை என்று பிறகு சொன்னாள். மாமா மனசு கஷ்டப்படும் என்று நினைத்திருக்கிறாள்.

அடுத்த வருடம் ஒரு ராத்திரி எனக்குப் போன் செய்தாள். "மாமா, அந்த சடங்கு வீடியோவ எடுத்துருங்க" என்றாள். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. "ஏன் பாப்பா, இதுல என்ன இருக்கு? ஊரே பாத்ததுதானே" என்றேன்.

"ஊர்ல பாத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியும் மாமா" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி பாப்பா, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றிரவு கணக்கைத் திறந்தேன். நீக்கும் பொத்தான் எதிரில் இருந்தது. பார்வை எண்ணும் எதிரில் இருந்தது. தலைப்பிலிருந்து அவள் பெயரை மட்டும் எடுத்தேன். பெயரை எடுத்துவிட்டால் யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, வீடியோவும் இருக்கும், அவளுக்கும் பிரச்சினை இல்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்வதிலேயே கேவலமானது இதுதான். முன்பு செய்ததற்காவது தெரியாமல் செய்தேன் என்று சொல்ல இடமுண்டு. இது தெரிந்து செய்தது.

லிங்க் ஏற்கெனவே எத்தனையோ போன்களில் இருந்தது. தலைப்பு மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன? சில வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். மகள் லீவுக்கு வந்தவள் திரும்பிப் போக மாட்டேன் என்கிறாள், என்னவென்று கேட்டால் மாமாவைக் கேள் என்கிறாள் என்றாள். அப்போதுதான் மூன்று பாகங்களையும் நீக்கினேன்.

நீக்கியும் தீரவில்லை. ஊர் ஊராக இப்படிப்பட்ட வீடியோக்களைச் சேர்த்துப் போடும் ஒரு சேனலில் இரண்டாம் பாகம் அப்படியே இருந்தது. அதை நீக்கக் கோர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தனியுரிமைப் புகார். அதைப் படத்தில் இருப்பவரே கொடுக்க வேண்டும். எந்த நிமிடத்தில் தெரிகிறோம் என்று குறிப்பிட வேண்டும். அதற்காக அவள் அதை உட்கார்ந்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னொன்று பதிப்புரிமைப் புகார். அதை நானே கொடுக்கலாம், ஏனென்றால் எடுத்தவன் நான். நம் நாட்டு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் படத்தைத் தயாரித்தவரைத்தான் அதன் ஆசிரியர் என்கிறது. வீட்டில் எடுத்த வீடியோவுக்கும் அதுதான் கணக்கு. அவளை அந்தப் படிவத்தின் முன் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை, இரண்டாவது வழியில் போனேன். இந்தப் படைப்பின் உரிமையாளர் நான்தான் என்று உறுதி கூறி ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். எந்த நினைப்பு இவ்வளவுக்கும் காரணமோ, அதே நினைப்பைச் சத்தியமாகச் சொல்லித்தான் அதை இறக்க வேண்டியிருந்தது. குறியிட்டேன். சில நாளில் அது போயிற்று. வேறெங்கும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

சட்டத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று பிறகு படித்தேன். 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் தனிநபர் தன் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ செய்வதற்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு இல்லையென்றே வைத்துக்கொள்வோம். பெற்றோரிடம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்கா சந்தோஷமாகச் சரி என்றிருப்பாள். எங்கள் வீட்டில் ஒப்புதல் இல்லாதவள் ஒருத்திதான், அவளிடம் கேட்க வேண்டும் என்று எந்தப் படிவத்திலும் இல்லை. பிரான்சில் 2024 பிப்ரவரியில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் படத்தின் மீது பிள்ளைக்குள்ள உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பப் பிள்ளையையும் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. பன்னிரண்டு வயதில் அவளுக்கு அந்தப் பக்குவம் இருந்தது. போதும் மாமா என்று தெளிவாகச் சொன்னாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். போனில் கேட்கவில்லை, நேரில் போய்க் கேட்டேன். விடுங்க மாமா என்றாள். மன்னித்தாளா, பேச்சை முடிக்கச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது, நான் துருவவில்லை. அவள் கல்யாணத்துக்குக் கேமரா இல்லாமல் போனேன்.

கேசட்டுகளைப் பிறகு அவளிடமே கொடுத்தேன். மற்ற விசேஷங்களின் கேசட்டுகள் என்னிடம் இருக்கின்றன. அந்த ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினியை அதற்காகவே தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், இன்றைய மடிக்கணினிகளில் அது கிடையாது. அவரவர் வரும் பகுதியை மட்டும் பிரித்து, பென் டிரைவில் போட்டு, அவரவர் கையில் கொடுக்கிறேன். லிங்க்காக அனுப்பக் கேட்டால் அனுப்புவதில்லை, லிங்க் எத்தனை கை மாறும் என்று எனக்குத் தெரியும். மெதுவாகத்தான் நடக்கிறது. சித்தி ஒருத்தி, இறந்துபோன சித்தப்பா பந்தியில் பரிமாறிக்கொண்டே யாரையோ அதட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் குரலை எங்கேயுமே பதிவு பண்ணி வைக்கலையே என்று நினைச்சிட்டிருந்தேன் என்றாள். அதை ஊருக்கே காட்டு என்றும் சொன்னாள். அவள் பிள்ளைகளைக் கேட்டேன். மகன் சரி என்றான், மகள் வேண்டாம் என்றாள். போடவில்லை.

கணக்கில் பொதுவாக வைத்திருந்த எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று அக்காவோடு உட்கார்ந்து எழுதினேன். வேலை பெரிது. சடங்கு வீடியோவின் இரண்டாம் பாகத்தில், மேளம் அடிக்கும் இடத்தில், பாவாடை தாவணியில் சில பிள்ளைகள் ஆடுகிறார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த சேனலில் அவர்களும்தான் இருந்தார்கள். அவர்களிடமும் நான் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாக அக்கா பெயர் சொன்னாள். பெரும்பாலானவர்களிடம் பேசிவிட்டேன். ஒருத்திக்கு இது எதுவுமே தெரியவில்லை, தெரிந்ததும் கோபப்பட்டாள், கோபப்பட வேண்டியதுதான். அக்காள் தங்கை இருவர் மட்டும் யாரென்று பிடிபடவில்லை. மேலத்தெருவில் அந்த வருடம் வாடகைக்கு இருந்த ஒரு வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும் என்கிறாள் அக்கா. அந்த வாத்தியார் மாற்றலாகி எந்த ஊருக்குப் போனார் என்று பழைய வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறோம்.